மூணு தடவை படிச்சும் பில் மண்டையில ஏற மாட்டேங்குது. எனக்கு மறதி நோயா?

நூல்கடை கணக்கு (ஈரோடு):

வணக்கங்க. ரெண்டு வாரமா எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு இன்னைக்குத்தான் உக்காந்திருக்கேன். எனக்கு 43 வயசு. ஈரோட்டுல ஒரு நூல் வியாபாரக் கடையில 17 வருஷமா கணக்கு எழுதறேன். பில் போடறதுல இருந்து ஜிஎஸ்டி ரிட்டன் வரைக்கும் நான் ஒருத்திதான்.

கணக்கு வேலையில இருக்கறவங்களுக்குத் தெரியும், எங்களுக்கு மாசம்ங்கறது தேதிகளாத்தான் ஓடும். 7-ம் தேதி டிடிஎஸ், பிடிச்சு வச்ச வரியக் கட்டணும். 11-க்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, நாம வித்த பில்லு விவரம். 14-ம் தேதி 2பி வந்துரும், நமக்கு வித்தவங்க ஏத்துன பில்லுப் பட்டியல், அத நம்ம கொள்முதல் பில்லோட ஒத்துப் பாக்கணும். 15-க்குள்ள பிஎஃப், இஎஸ்ஐ. 20-க்குள்ள 3பி, வரி கட்டற ரிட்டன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட லேட் ஃபீஸ் கட்ட வச்சதில்லைங்க. 20-ம் தேதி நெருங்க நெருங்க எனக்குக் கை வேகமாகும், கண்ணு கூர்மையாகும். அந்த நாலு நாளு டீ குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டேன்.

சித்திரைக் கடைசியில அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. 70 வயசு. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் பண்ணி, இப்ப வீட்டுல வாக்கர் வச்சு நடக்கறாங்க. வீட்டுக்காரர் லாரி ஓட்டறார். நாக்பூர், இந்தூர்னு லோடு கெடச்சா வர்றதுக்கு 12 நாளாகும். பொண்ணு பிளஸ் டூ. நான் கடைக்கு வந்துட்டா பக்கத்து வீட்டு அக்கா அப்பப்ப எட்டிப் பாத்துக்குவாங்க. "எதுனா ஆச்சுன்னா கூப்பிடறேன் சாமி, நீ நிம்மதியாப் போ"ன்னு சொல்றாங்க. அந்த "எதுனா ஆச்சுன்னா"தான் நாள் பூரா எங்கூடவே உக்காந்திருக்கு.

நடந்தத அப்படியே சொல்றேன். போன மாசம் பேங்க் கணக்கும் நான் கம்ப்யூட்டர்ல எழுதற டேலி கணக்கும் 18,000 ரூபா ஒத்து வரல. எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒரு வழி சொல்லுவார்: வித்தியாசம் 9-ஆல மீதியில்லாம வகுபட்டா, எங்கயோ ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கும், தேடிப் பாரு. 18,000 வகுபடுது. தேடுனா, 1,86,400-ங்கறத 1,68,400-ன்னு போட்டிருக்கேன். முன்ன இப்படி ஒண்ணு வந்தா பத்து நிமிஷத்துல பிடிச்சிருவேன். இந்தத் தடவை நாலு நாளாச்சு. அந்தப் பக்கத்தையே மூணு தடவை கடந்து போயிருக்கேன், கண்ணுல படவே இல்ல.

அதைவிடப் பெருசு இது. ஒரே சாமி பேர்ல எங்களுக்கு ரெண்டு பார்ட்டி. ஒண்ணு சென்னிமலை, இன்னொண்ணு கரூர். சென்னிமலைக்காரருக்குப் போன 40-ம் நம்பர் நூல் பில்ல கரூர்க்காரர் ஜிஎஸ்டி நம்பர்ல ஏத்திட்டேன். ஒரு எழுத்து தப்பா அடிச்சா போர்ட்டலே ஏத்துக்காது, 15 இலக்கத்துல கடைசி இலக்கம் சரிபாக்கறதுக்குன்னே இருக்கு. ஆனா இன்னொருத்தரோட சரியான நம்பரப் போட்டா அதுக்கு எப்படிங்க தெரியும்? சென்னிமலைக்காரர் 2பி-ல பில் வரலைன்னு பணத்த நிறுத்தி வச்சிட்டார். முதலாளி திட்டல. "என்னம்மா, நீ இப்படிப் பண்ண மாட்டியே"ன்னு மட்டும் கேட்டார். நான் பின்னாடி குடோன்ல போயி நூல் மூட்டைக்கு நடுவுல நின்னு அழுதேன்.

வீட்டுலயும் இதேதான். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கெடக்கும், நான் பக்கத்துலயே நின்னுட்டிருப்பேன். பாதி வழி போயிட்டு கேட்டு பூட்டுனனான்னு வண்டியத் திருப்பிட்டு வர்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மூட்டை தூக்குனவ மாதிரி உடம்பு அடிச்சுப் போட்டிருக்கு. நாள் பூரா நாற்காலியிலதானுங்க இருந்தேன்.

எங்க பாட்டிக்குக் கடைசிக் காலத்துல மறதி வந்து எங்கம்மாவையே யாருன்னு கேட்டாங்க. அந்தப் பயம் வேற. எனக்கும் அதுதான் ஆரம்பமா? இன்னொண்ணும் புரியல. 20-ம் தேதி டென்ஷன்ல நல்லா வேலை செஞ்சவதான நானு. இப்ப இந்த டென்ஷன் மட்டும் ஏன் என்னை மழுங்க அடிக்குது?

*

காலைநேரம்:

சகோதரி, போனை அணைத்து வைத்துவிட்டு தினமும் 20 நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள். எல்லாம் சரியாகிவிடும். எனக்குச் சரியானது.

*

நூல்கடை கணக்கு:

நன்றிங்க. முயற்சி பண்ணாம சொல்லல, எட்டு நாள் உக்காந்தேன். கண்ண மூடுனா அம்மா விழுந்த சத்தம்தான் கேக்குது. போனை அணைச்சா இன்னும் மோசம், நெஞ்சு படபடங்குது. ஒருவேளை எனக்கு அது வர்ற நேரம் இது இல்லையோ என்னமோ.

*

ரிட்டையர்டு லோகோ பைலட் (ஜோலார்பேட்டை):

தங்கச்சி, உங்க பதிவ ரெண்டு தடவை படிச்சேன். நான் 34 வருஷம் ரயில் வண்டி ஓட்டினவன். அசிஸ்டென்டா சேர்ந்து, கூட்ஸ், பாசஞ்சர், அப்புறம் மெயில் எக்ஸ்பிரஸ். நீங்க சொல்ற "கண்ணு பார்த்துச்சு, ஆனா படல"ங்கறது எங்க பொழப்புல உயிர் விஷயம், அதனால எனக்குத் தெரிஞ்சத எழுதறேன்.

டூட்டிக்குக் கையெழுத்துப் போடும்போது வாயில ஊதச் சொல்லுவாங்க, குடிச்சிருக்கோமான்னு பார்க்க. கவலையக் கண்டுபிடிக்க அப்படி ஒரு மெஷின் கிடையாது. இன்ஜின்ல விழிப்புக் கருவின்னு ஒண்ணு உண்டு. ஒரு நிமிஷம் நாம எதையும் தொடலேன்னா விளக்கு மினுக்கும், அப்புறம் சத்தம் போடும், அதுக்கும் அசையலேன்னா அதுவே பிரேக் போட்டுடும். தூங்கிட்டவனை அது பிடிச்சுடும். கண்ணு முழிச்சிக்கிட்டு மனசு வேற ஊர்ல இருக்கறவனை அதால பிடிக்க முடியாது. பழக்கத்துல கை தன்னால போயி அந்தப் பட்டனை அமுக்கும். நானே அமுக்கியிருக்கேன்.

என் பொண்ணுக்குத் தலைப்பிரசவம். வேலூர்ல ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, வலி நிக்காம இருக்கு, பிள்ளை திரும்பலேன்னு சொல்றாங்க. லீவு கிடைக்கல. ராத்திரி வண்டி, சென்னைக்கு. அரக்கோணம் தாண்டினா தானியங்கி சிக்னல், வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். பச்சை, பச்சை, பச்சை. அப்புறம் இரட்டை மஞ்சள். இரட்டை மஞ்சள்னா அடுத்தது ஒத்த மஞ்சளா இருக்கலாம், அதுக்கடுத்தது சிகப்பா இருக்கலாம், இப்பவே வேகத்தைக் கட்டுக்குள்ள கொண்டுவரத் தயாராகுன்னு அர்த்தம். நான் கையை நீட்டி "இரட்டை மஞ்சள்"னு கூப்பிட்டேன். அசிஸ்டென்ட் தம்பியும் திருப்பிக் கூப்பிட்டான். என் கை பிரேக்குக்குப் போகல. வாய் சொல்லிடுச்சு, காதும் கேட்டுச்சு, மனசு வேலூர்ல இருந்துச்சு. அடுத்த சிக்னல் ஒத்த மஞ்சள். அந்தத் தம்பி சத்தமா, "சார், மஞ்சள்!"னான். அந்த "சார்"தான் என்னை இழுத்துக்கிட்டு வந்துச்சு. போட்டேன் பிரேக். சிகப்புக்கு நல்ல தூரத்துலயே வண்டி நின்னுச்சு. ஒண்ணும் ஆகல. ஆனா அந்த நிமிஷம் இன்னும் என் உள்ளங்கையில இருக்கு.

அதுக்கு முன்னாடி சிக்னல் கூப்பிடறத ஒரு சடங்கா நினைச்சிருந்தேன். ஜப்பான் ரயில்வேயில இதை நம்மள விட ஒரு படி மேல செய்வாங்க. விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொல்லி, அப்புறம்தான் அடுத்த வேலை. அங்க ரயில்வே ஆராய்ச்சி நிலையம் 1994-ல சோதிச்சுப் பார்த்தப்போ, சாதாரண வேலையில விரலும் வாயும் சேர்ந்தா தப்பு கிட்டத்தட்ட 85 சதவீதம் குறைஞ்சுதாம். கண்ணு மட்டும் போறதுக்கும், கண்ணு, கை, வாய், காது நாலும் சேர்ந்து ஒரே இடத்துக்குப் போறதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

நீங்க பில் போடும்போது விரலை அந்தத் தொகை மேல வச்சு, ஒவ்வொரு இலக்கமா வாய்விட்டுச் சொல்லுங்க. ஒண்ணு, எட்டு, ஆறு, நாலு, ரெண்டு சைபர். "லட்சத்து எண்பத்தாறாயிரம்"னு முழுசாச் சொல்லாதீங்க, தனித்தனி இலக்கமா. அடிச்சு முடிச்சதும் திரையில விரலை வச்சு இன்னொரு தடவை. கடையில ரெண்டாவது ஆள் யாராவது இருந்தா, அந்தப் பார்ட்டி பேரையும் ஊரையும் மட்டும் அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு ஒரு தம்பி இருந்தான். உங்களுக்கு அங்க யாரும் இல்லாம தனியா உக்காந்திருக்கீங்க, அதான் எனக்கு மனசு கேக்கல.

*

உளவியல் ஆசிரியை (பாளையங்கோட்டை):

வணக்கம் அக்கா. கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், மாலையில் ஆலோசனை வேலையும் பார்க்கிறேன். முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். இங்கிருந்து யாருக்கும் நோயைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் பாருங்கள். எந்தப் பில், எந்தத் தொகை, எத்தனை நாள், எந்த ஊர்ப் பார்ட்டி என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறீர்கள். சேமித்து வைத்தது தொலையவில்லை. பில்லைப் பார்க்கிற அந்த நொடியில் உள்ளே இடம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த இடம் ரொம்பச் சின்னது. கையில் இருக்கிற வேலைக்காக நாம் மனத்தில் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதைச் செயல் நினைவு என்கிறோம். 1974-இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் ஒரு பகுதி ஒலிக்கானது. கேட்டதையும் படித்ததையும் மனத்துக்குள் முணுமுணுத்துப் பிடித்து வைக்கும். ஏறக்குறைய இரண்டு வினாடி பேச்சுதான் அதில் நிற்கும். 1,86,400 என்று பில்லில் பார்த்துத் திரையில் அடிக்கிறவரை அந்த எண் அங்கேதான் நிற்கிறது.

இப்போது கவலையைப் பாருங்கள். கவலை பெரும்பாலும் படமாக வருவதில்லை, பேச்சாக வருகிறது. "பாத்ரூமுக்குத் தனியாப் போயிருப்பாங்களோ", "அக்கா எட்டிப் பாத்தாங்களா", "போன் அடிச்சுதா". இதெல்லாம் மனத்துக்குள் ஓடுகிற வாக்கியம். எண்ணைப் பிடித்து வைக்க வேண்டிய அதே இரண்டு வினாடி இடத்தில்தான் இந்த வாக்கியமும் ஓடுகிறது. ஒரு போன் நம்பரை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போகும்போது யாராவது விலை கேட்டால் நம்பர் சிதறிவிடுமே, அதேதான். சிதறும்போது எண்கள் எல்லாம் இருக்கும், வரிசைதான் முதலில் கலையும். 86 போய் 68 வந்ததற்கு இதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. லோகோ பைலட் ஐயா வாய்விட்டுச் சொல்லச் சொன்னது அனுபவத்தில் வந்த வழி, ஆனால் மிகச் சரியான வழி. வாய் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதே வாயால் கவலையும் பேச முடியாது.

ஆறு மணிக்கு உடம்பு அடித்துப் போடுகிறது என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு உளவியலாளர் மைக்கேல் ஐசென்க் ஞாபகம் வந்தார். பதற்றமும் கவனமும் பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் ஒரு கோட்பாடு வெளியிட்டார்கள். பதற்றம் இருக்கும்போது, நாம் வைத்த இடத்தில் நிற்கிற கவனம் பலவீனமாகி, ஆபத்து எங்கே என்று தேடுகிற கவனம் பலமாகிறது. வேண்டாததைத் தள்ளி வைக்கிற திறனும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுத்தமாக மாறுகிற திறனும்தான் அதிகமாக அடிபடுகின்றன. அவர்கள் இன்னொன்றையும் வலியுறுத்துகிறார்கள்: பதற்றத்தில் இருப்பவர் பல நேரம் வேலையைச் சரியாகவே முடித்துவிடுவார், ஆனால் அதற்கு இரட்டிப்புப் பாடுபடுவார். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாடு தெரியாது. நீங்கள் நாள் முழுக்க நூறு பில் போட்டிருக்கிறீர்கள். முதலாளிக்குத் தெரிந்தது தப்பிப்போன ஒன்று. உங்கள் உடம்புக்குத் தெரிவது மற்ற 99.

20-ம் தேதி டென்ஷன் ஏன் உதவியது என்ற கேள்வி நல்ல கேள்வி. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. சுலபமான வேலையில் தூண்டுதல் கூடக்கூடக் கற்றல் வேகமானது. கடினமான வேலையில் ஓர் அளவுக்கு மேல் போனதும் கெட்டது. ஆனால் உங்கள் விஷயத்தில் அளவை விடத் திசைதான் முக்கியம் என்பது என் எண்ணம். 20-ம் தேதிக் கவலை பில்லைப் பற்றியதே. அது உங்களைப் பில்லை நோக்கித் தள்ளியது. அம்மாவைப் பற்றிய கவலை உங்களை நாற்காலியிலிருந்து வீட்டுக்கு இழுக்கிறது.

மூச்சுப் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது முதலில் செய்ய வேண்டியது வேறு. முடிக்காமல் விட்ட வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது பழைய விஷயம். 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இது: அந்த வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எங்கே எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டமாக எழுதினாலே குறுக்கீடு அடங்குகிறது. "எதுனா ஆச்சுன்னா கூப்பிடறேன்" என்பது திட்டம் இல்லை அக்கா. அது உங்களை நாள் முழுக்கக் காவல் வைக்கிற வாக்கியம். எந்நேரமும் எதுவும் வரலாம் என்று காது போனிலேயே நிற்கும். போன் அதிர்ந்தாலே போதும், எடுக்காவிட்டாலும் செய்கிற வேலையில் பிழை கூடுகிறது என்று 2015-இல் ஓர் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே போனை அணைக்கவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் திறந்தும் வைக்க வேண்டாம். அந்த அக்காவுக்கு மட்டும் தனி ரிங்டோன் வையுங்கள், மற்றதெல்லாம் சத்தமில்லாமல் இருக்கட்டும். அவர் எத்தனை மணிக்குப் போய்ப் பார்ப்பார், அம்மாவை எத்தனை மணிக்குக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவார், விழுந்தால் யாருக்கு முதல் போன், எந்த ஆட்டோ, எந்த ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் வீட்டிலும் ஒட்டுங்கள், உங்கள் மேசையிலும் வையுங்கள்.

டாக்டர் விஷயம்: தைராய்டும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் பாருங்கள். இந்த வயதில் இரண்டும் குறைவது சகஜம், இரண்டும் கவனத்தைக் கெடுக்கும். தூக்கம் எத்தனை மணி நேரம் என்றும் சொல்லுங்கள். படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீண்டால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவை இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

*

செஞ்சிப் பக்கம்:

அக்கா, நான் விழுப்புரம் மாவட்டம், கரும்புக் குடும்பம். எங்க அப்பா கதைய உங்களுக்குச் சொல்லணும்னு தோணுது.

கரும்பு பத்துப் பன்னிரண்டு மாசப் பயிரு. வெட்டு முடிஞ்சு பணம் வந்தாத்தான் வருஷம் திறக்கும். அறுவடைக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் வீட்டுல எல்லாமே கடன்ல நிக்கும். ஆலையில வெட்டு உத்தரவு எப்ப வரும்னு தெரியாது, ஆள் கூலிக்கு முன்பணம் வேணும், நகை அடகுல இருக்கும். சட்டப்படி கரும்பு குடுத்த 14 நாள்ல பணம் வரணும். எங்களுக்கு ஒரு வருஷம் எட்டு மாசமாச்சு. அந்த வருஷம் அப்பா ஒரே கொல்லைக்கு ரெண்டு தடவை யூரியா போட்டுட்டாரு. மோட்டாரப் போட்டுட்டு விடியவிடிய மறந்துட்டாரு. நாங்க பசங்க எல்லாம் "அப்பாவுக்கு வயசாயிடுச்சு"ன்னு பேசிக்கிட்டோம். அவரு காதுல விழுந்திருக்கும்.

பணம் வந்து நகைய மீட்ட மறுவாரம், அதே மனுஷன் சந்தையில தாளும் பேனாவும் இல்லாம மூணு பேருக்கு எடைக்கழிவு போட்டுக் கணக்குச் சொன்னாரு. வயசு ஒரே மாசத்துல குறைஞ்சுடுமா?

அப்புறம் நான் காலேஜ்ல படிக்கும்போதுதான் தெரிஞ்சுது, எங்க பக்கத்துக் கரும்பு விவசாயிங்கள வச்சே இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டத்துல 54 கிராமம், 464 விவசாயிங்க. அப்ப கள்ளக்குறிச்சியும் விழுப்புரத்துலதான் இருந்துச்சு. அறுவடைக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை, அதே ஆளுக்கே சோதனை. படத்துல விட்டுப்போன துண்டக் கண்டுபிடிக்கிறது ஒண்ணு, கவனத்தக் கட்டுப்படுத்தற சோதனை ஒண்ணு. பணமில்லாத மாசத்துல அதே ஆளு மோசமாச் செஞ்சாரு, பணம் வந்தப்புறம் நல்லாச் செஞ்சாரு. 2013-ல சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ்னு நாலு பேரு எழுதினது. நான் அந்தப் பக்கத்த அச்செடுத்துக் கொண்டுபோயி அப்பாவுக்குத் தமிழ்ல சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்ப நான் மட்டும் இல்ல"ன்னாரு.

உங்க வீட்டுலயும் ஆபரேஷன் செலவுக் கடன் இருக்குமேன்னு நினைக்கிறேன். அதையும் அந்தத் தாள்ல எழுதுங்கக்கா. எவ்வளவு, யாருக்கு, எந்த மாசம். மனசுல கெடந்தா அது எல்லாப் பில்லு மேலயும் வந்து நிக்கும்.

*

நூல்கடை கணக்கு (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் கும்பிடுங்க. உடனே எழுத முடியல, 20-ம் தேதி முடியட்டும்னு இருந்தேன்.

டாக்டர்கிட்டப் போனேன். தைராய்டு சரியா இருக்கு. ஹீமோகுளோபின்தான் கம்மி, 8.9. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறேன். மறதி நோய் பத்தியும் கேட்டேன். என்னென்னமோ கேள்வி கேட்டுட்டு, இப்போதைக்கு அதுக்கான அறிகுறி இல்லம்மா, ஹீமோகுளோபின் அளவ ஏத்துங்க, தூங்குங்க, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கரும்புச்சாறு குடிச்சேன். செஞ்சித் தங்கச்சி, உங்கப்பாவ நினைச்சுக்கிட்டேன் சாமி.

தாள் எழுதினேன். அதை எழுத உக்காந்தப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. அம்மா விழுந்தா யாரைக் கூப்பிடறதுன்னு எங்க யாருக்குமே தெரியாது! இத்தனை நாளா நான் பயந்துட்டு மட்டும் இருந்திருக்கேன், யோசிக்கவே இல்ல. இப்ப அக்கா 11 மணிக்கும் 3 மணிக்கும் போறாங்க. கூப்பிடற வேலை இல்ல, "சாப்பிட்டாங்க, நடந்தாங்க"ன்னு ஒரு குரல்பதிவு அனுப்பிருவாங்க. குளியலறையில கைப்பிடி ரெண்டு வச்சாச்சு, 1,400 ரூபா. ஆஸ்பத்திரிக் கடன் 85,000. எழுதிப் பாத்தா, எட்டு மாசம் சீட்டுப் பணத்துல அடையுது. மனசுக்குள்ள அது கணக்கே இல்லாத கடனா இருந்துச்சுங்க. 17 வருஷமா ஊருக்கெல்லாம் கணக்குப் பாக்கறேன், இத எழுதிப் பாக்கணும்னு தோணவே இல்ல.

லோகோ பைலட் அண்ணா, இலக்கம் இலக்கமா வாய்விட்டுச் சொல்லித்தான் பில் போடறேன். முதல் நாள் கூச்சமா இருந்துச்சு. மூட்டை இறக்கற தம்பி ஒருத்தன் பத்தாவது வரைக்கும் படிச்சவன், அவனைப் பக்கத்துல நிறுத்திப் பார்ட்டி பேரும் ஊரும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூணாவது நாளே பிடிச்சுட்டான். "அக்கா, இது கரூரு, நீங்க சென்னிமலைன்னீங்க." அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லி, ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ம் தேதிக்கு வச்சுக்காம 8-ம் தேதியே முடிக்கறதா ஏற்பாடு. சென்னிமலைப் பில்ல இந்த மாச ரிட்டன்ல திருத்தியாச்சு, பணமும் வந்துருச்சு.

முழுசா சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். மழை பேஞ்சா, தரை வழுக்குமேன்னு அன்னைக்குப் பூரா பில்லு ஏற மாட்டேங்குது. அந்த மாதிரி நாள்ல ஜிஎஸ்டி நம்பர் தொடறதில்ல, ஃபைல் அடுக்கறேன், ரசீது ஒட்டறேன்.

அண்ணா, ஒண்ணு கேக்கணும்னு மூணு வாரமா மனசுல இருக்கு. அன்னைக்கு ராத்திரி உங்க பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?

*

ரிட்டையர்டு லோகோ பைலட் (ஜோலார்பேட்டை):

பொண்ணு பொறந்துச்சு தங்கச்சி. ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க. சென்னையில கையெழுத்துப் போட்டு இறங்கினப்புறம்தான் எனக்குச் சொன்னாங்க. ராத்திரி ஒரு மணிக்கே கண்ட்ரோலுக்குச் சேதி வந்துடுச்சாம். நல்ல சேதிதான், ஆனாலும் வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது சொல்ல வேணாம்னு வச்சிருந்தாங்க.